பழைய ஞாபகத்தில் திறந்த கதவுகள்

தாழ்ப்பாள் என்ற பெயரை அண்ணி முதன்முதலில் கேட்டது, மூடிய கதவுக்கு வெளியே கால் கடுக்க நின்றுகொண்டிருந்தபோதுதான். கல்யாணமாகி அந்த மாடி வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும் வேலை அவளுக்கு. வேலை முடிந்து படியேறி வந்து தட்டினாள். உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது.

“யாரது?”

“நான்தாம்மா.”

“நான்னா? எல்லாரும்தான் நான்.”

“உங்க அண்ணி.”

“எங்க அண்ணிக்கு எந்தக் கையில தழும்பு?”

தேய்ப்புச் சக்கரம் போட்ட தழும்பு வலது கட்டைவிரலில் இருந்தது. அதைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள், பின்னாலேயே படியேறி வந்த கணவன் கதவில் ஒரு தட்டுத் தட்டினான். “ஏய் தாழ்ப்பாள், திறடி. அசல் அண்ணிதான்.”

அண்ணி என்றால் நாத்தனார் ஒருத்திக்குத்தான் அவள் அண்ணி. ஆனால் அந்தத் தெருவில் எல்லோரும் அவளை அப்படியே கூப்பிட்டார்கள், அவளைவிட இருபது வயது மூத்த கடை முதலாளி உட்பட.

நாத்தனாருக்கு அந்தப் பட்டப்பெயர் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. அம்மா வேலைக்குப் போகும்போது, தெரியாதவர்களுக்குத் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போவாள். பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டது. பெற்ற அப்பனே வந்தாலும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் உள்ளே வர முடியாது. மூன்று தாய்மாமன்களில் நடு மாமன் ஒருமுறை அடைமழையில் வந்து நின்றார். போன தடவை எனக்கு என்ன வாங்கிவருவதாகச் சொன்னீர்கள் என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தது. மனிதர் சொன்னதையும் மறந்திருந்தார், வாங்கிவரவும் மறந்திருந்தார். தொப்பலாக நனைந்து திரும்பிப் போனவர் பல காலம் அந்த வீட்டுப் பக்கம் முகம் காட்டவில்லை. தாழ்ப்பாள் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். கோபத்தில் வைத்தார், அண்ணன்காரன் அதைச் செல்லப் பெயராக்கிவிட்டான்.

அண்ணன் வேலை பார்த்தது நகரத்துக்குத் தண்ணீர் விடும் அலுவலகத்தில். ஊரைச் சுற்றிலும் பம்ப் நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்திலும், இணைப்பைக் காத்து நிற்கும் பெட்டியாக ஒரு ரவுட்டர். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைத்திருந்த நெட்வொர்க் அவன் பொறுப்பு. தாழ்ப்பாளும் படித்து முடித்துவிட்டு அதே அலுவலகத்தில் அவனுக்குக் கீழேயே சேர்ந்தாள். மாமன்கள் சிரித்தார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குக் கதவு வேலையே கிடைத்துவிட்டது என்று.

அதில் பொய் ஒன்றும் இல்லை. பம்ப் நிலையத்தில் ஏதாவது கோளாறு என்றால் இவர்கள் நேரில் ஓட வேண்டியதில்லை, வீட்டு முன்னறை மேசையில் இருந்தபடியே கணினி வழியாக உள்ளே போகலாம். ஆனால் ரவுட்டர் தன் இஷ்டத்துக்கு யாரையும் விடாது. பெயரையும் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டு, அலுவலகத்தில் இருக்கும் தலைமைக் கணினியான சர்வரைக் கேட்கும்: இன்னார் வந்திருக்கிறார், விடலாமா? விடு என்றால் விடும், வேண்டாம் என்றால் விடாது. சர்வர் வாயே திறக்காமல் செத்துக் கிடந்தால் மட்டும், ரவுட்டர் தன் சொந்த ஞாபகத்தில் பார்க்கும். அந்த ஆபத்துக் காலத்துக்காக ஒவ்வொரு ரவுட்டரின் ஞாபகத்திலும் அண்ணன் இரண்டு பெயர்களை எழுதி வைத்திருந்தான். ஒன்று தன் பெயர், இன்னொன்று தங்கையின் பெயர்.

அவன் செத்தது வீட்டுக்கு வரும் பஸ்ஸில். சன்னலில் தலை சாய்ந்திருந்தது. தூங்குகிறான் என்று பக்கத்தில் இருந்தவர்கள் இடம்விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்கள். கடைசி நிறுத்தத்தில் நடத்துநர் தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

அடக்கம் முடிந்து தாழ்ப்பாள் வேலைக்குத் திரும்பிய அன்று இரவு அவள் சோறு தொடவில்லை. அண்ணி என்னவென்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றாள். உண்மை வேறு. வேலையை விட்டுப் போனவர் பெயரைச் சர்வரில் உடனே மூடிவிட வேண்டும் என்பது அங்கே விதி. போனவர் எப்படிப் போனார் என்று விதி கேட்காது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணன் பெயரை அவளே மூடிவிட்டு வந்திருந்தாள்.

அப்பாவும் அம்மாவும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள், அதற்குப் பின் அந்த வீட்டில் இரண்டு பெண்கள்தான். அவனுடைய போனை அண்ணி அலமாரியில் கைக்குட்டைகளுக்கு அடியில் வைத்தாள். சார்ஜ் இறங்கி அது அணைந்தது. மறுபடி உயிர் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை.

மாதங்கள் போயின. அலுவலகத்தில் பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். ஒவ்வொரு ரவுட்டரிடமும் இனிமேல் இந்தச் சர்வரைக் கேள் என்று சொல்லி, ரவுட்டருக்கும் சர்வருக்கும் பொதுவாக ஒரு ரகசியச் சொல்லையும் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் வெளியிலிருந்து நுழைந்து சரிபார்க்க வேண்டும். ஒரு விடுமுறை நாளில் தாழ்ப்பாள் முன்னறை மேசையில் உட்கார்ந்து, தன் பெயரைச் சொல்லி நிலையம் நிலையமாக நுழைந்து பார்த்தாள். எல்லாம் திறந்தன. எல்லாம் சரி என்று அண்ணியிடமும் சொன்னாள், மேலாளரிடமும் சொன்னாள்.

சில நாள் கழித்து ஒரு மாலையில், பழையதில் இல்லாத வசதியாகப் புதிய சர்வர் குறித்து வைத்திருந்த கேள்விகளைப் பார்த்துக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. அண்ணி எதிரே கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?”

தாழ்ப்பாளுக்கு மறைக்கத் தெரியாது. திரையைத் திருப்பிக் காட்டினாள். அண்ணியின் கணவன் பெயர் அங்கே இருந்தது. ஒருமுறை இல்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக, நிலையம் நிலையமாக. அண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரோ ஒவ்வொரு கதவாகத் தட்டியிருந்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் சர்வர் வேண்டாம் என்று பதில் சொல்லியிருந்தது. முந்தைய நாளும் அப்படியே. அதற்கு முந்தைய நாளும்.

அண்ணி அழுவாள் என்று தாழ்ப்பாள் பயந்தாள். அவள் அழவில்லை. எந்த நேரத்தில் வருகிறது என்று மட்டும் கேட்டாள். நேரத்தைச் சொன்னதும் கையிலிருந்த சட்டத்தைக் கீழே வைத்தாள். அது அவன் பஸ் ஏறும் நேரம்.

மறுநாளிலிருந்து அண்ணி கடையைவிட்டுச் சீக்கிரமே கிளம்பி வந்தாள். முன்னறையில் நாத்தனார் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தபடி இருப்பாள். நேரம் ஆனதும் முதல் வரி விழும்: மலையடி நிலையம். சற்று இடைவெளி. அடுத்து நீர்த்தொட்டி. அப்புறம் சந்தைத் திடல். யாரோ ஒருவர் நடந்து போய் நின்று தட்டி, பதில் கேட்டுவிட்டு, அடுத்த இடத்துக்குப் போவது போல இருக்கும். கல்யாணமான புதிதில் அவனோடு பைக்கில் உட்கார்ந்து அந்த நிலையங்களை எல்லாம் அவள் சுற்றியிருக்கிறாள். இப்போது வரிகள் விழுவதும் அதே வரிசையில்தான்.

“அவர் சுத்துற சுத்துதான் இது” என்றாள் ஒரு நாள். “ஆனா மூணு இடம் விட்டுப்போகுதே. பாலத்தடி வரல. பழைய செங்கல் சூளை வரல. மேட்டுத் தெரு வரல. அவர் அப்படி விடமாட்டாரே.”

தாழ்ப்பாள் அதை அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அண்ணியின் முகத்தை. அந்த நேரம் மட்டும் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தாழ்ப்பாள் வீடு திரும்பப் பொழுதாகிவிட்டால், கதவைத் திறந்ததும் அண்ணி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “இன்னைக்கு வந்தாரா?” வந்தார் என்று சொல்லும்வரை நகரமாட்டாள். கடையில் வில்லைகள் கோணலாகத் தேயத் தொடங்கின. முதலாளி, வாடிக்கையாளர் ஒருவருடைய இடது கண் வில்லையை வலது பக்கச் சட்டத்தில் கண்டுபிடித்து, “என்ன அண்ணி, ஊரையே மாறுகண்ணாக்கப் போறீங்களா?” என்று கேட்டார்.

மேலாளரின் கண்ணிலும் அந்த வரிகள் பட்டன. அவர் பேயை நம்புகிறவர் இல்லை. செத்தவர் வந்து தட்டமாட்டார், அவர் பெயர் தெரிந்த உயிருள்ள ஆள்தான் தட்டுகிறான் என்றார். செத்தவருடைய மடிக்கணினியும் போனும் உங்கள் வீட்டில்தானே இருக்கின்றன என்று கேட்டார். யாரென்று இந்த வாரத்துக்குள் கண்டுபிடித்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் போலீஸில் கொடுப்பதைத் தவிர தனக்கு வழி இல்லை என்று, முகத்தைப் பார்க்காமலே சொல்லி முடித்தார்.

தாழ்ப்பாள் அதை வீட்டில் சொன்னபோது அண்ணி போலீஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“நிறுத்திடுவியா?”

“யாருன்னு தெரியணுமில்ல அண்ணி?”

“தெரிஞ்சா அது அவரா இல்லாமப் போயிடும்டி.”

தாழ்ப்பாளுக்கும் அதுதான் பயம். அதனாலேயே, எங்கிருந்து தட்டுகிறார்கள் என்று பார்க்காமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டிருந்தாள். சர்வரில் எந்தக் கதவு தட்டப்பட்டது என்று மட்டும்தான் இருக்கும். எங்கிருந்து வந்து தட்டினார்கள் என்பது அந்தந்த ரவுட்டருக்குள் இருக்கும். அன்றைக்கு மலையடி ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தாள். தட்டல் வெளியூரிலிருந்தும் இல்லை, வீட்டிலிருந்தும் இல்லை. ஊரின் மிகப் பழைய பெரிய பம்ப் நிலையத்தில், நிலவறையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அண்ணி கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். நீங்கள் எதற்கு என்று தாழ்ப்பாள் கேட்கவில்லை.

நிலவறைக்குப் போகும் இரும்புப் படிகள் ஈரமாக இருந்தன. மோட்டார் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே உள்ளங்காலில் ஏறியது. ஆளுயரக் குழாய்களுக்கு நடுவே மோட்டார்க்காரர் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இங்கே கணினி ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு இல்லவே இல்லை என்றார். தாழ்ப்பாள் சுவரோடு ஓடிய கம்பியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனாள். அது ஒரு மர அலமாரியின் மேல்தட்டில் முடிந்தது. அங்கே ஒரு ஈரத் துண்டு விரித்துப் போட்டிருந்தது.

“அதுங்களா?” என்றார் மோட்டார்க்காரர். “அது சும்மா ஒரு பொட்டி. எப்பவும் கதகதன்னு இருக்கும். துண்டு காயப் போட வசதி.”

தாழ்ப்பாள் துண்டை எடுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் ‘இதை அணைக்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. அந்த ‘ண’வின் சுழியைப் பார்த்ததுமே அண்ணிக்கு யார் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது. பெட்டியின் மேல் கையை வைத்தாள். மோட்டார்க்காரர் சொன்னது சரிதான், கதகதவென்றுதான் இருந்தது. கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

தாழ்ப்பாள் படியிலேயே உட்கார்ந்து, தன் கணினியைப் பெட்டியோடு இணைத்து உள்ளே இருப்பதைப் படித்தாள். படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அண்ணன் எழுதி வச்சதுதான். கதவெல்லாம் ஒழுங்காக் கேட்டுத் திறக்குதான்னு தினமும் தட்டிப் பாக்கும். அவர் பேருலேயே தட்டும். முடிவை அவர் போனுக்கு மெயில் அனுப்பிடும், பஸ்ல வரும்போது பாக்கறதுக்கு. அவர் செத்தது அதுக்குத் தெரியாது அண்ணி. யாரும் சொல்லல.”

அண்ணிக்கு ஒரு பழைய சங்கதி நினைவுக்கு வந்தது. தினமும் வாசலில் ஷூவைக் கழற்றும்போது அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்: எல்லாம் திறந்துச்சு. கடைகண்ணிகளைச் சொல்கிறான் என்று அவள் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளே அலமாரியைத் திறந்து போனை எடுத்து சார்ஜில் போட்டாள். அது விழித்து, வீட்டு இணைப்பைப் பிடித்து, மேசைமேல் அதிரத் தொடங்கியது. நிற்கவே இல்லை. மேசை விளிம்புவரை நகர்ந்து போனதை அண்ணி கையால் பிடித்து நிறுத்தினாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு செய்தி. தாழ்ப்பாள் அவன் செத்த நாளைத் தேடி எடுத்தாள். அவன் கேலியாக எழுதி வைத்த வாசகம்தான் எல்லாவற்றிலும். மலையடி: தட்டினேன், திறந்தது. நீர்த்தொட்டி: தட்டினேன், திறந்தது. கடைசி நிலையம்வரை எல்லாம் திறந்திருந்தன. அந்தச் செய்தி படிக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சன்னலில் சாய்ந்திருக்கிறான்.

அதற்குப் பின் வந்தவை எதுவும் படிக்கப்படவில்லை. சில நாள் எல்லாம் திறந்தன. பிறகு ஒரு நாள்: மலையடி, தட்டினேன், திறக்கவில்லை. நீர்த்தொட்டி, தட்டினேன், திறக்கவில்லை. எல்லாக் கதவும் அப்படியே. மறுநாளும் அப்படியே.

“அது நான் மூடின நாள் அண்ணி” என்றாள் தாழ்ப்பாள்.

அண்ணி விரலால் தள்ளிக்கொண்டே போனாள். மாதக்கணக்கில் திறக்கவில்லை, திறக்கவில்லை. திடீரென்று அவள் விரல் நின்றது.

“இங்க பாரு. பாலத்தடி திறந்திருக்கு. சூளையும். மேட்டுத் தெருவும். அன்னையிலேர்ந்து தினமும் திறக்குதுடி.”

தாழ்ப்பாள் போனை வாங்கிப் பார்த்தாள். அது புதிய சர்வர் வந்த நாள். அந்த மூன்று ரவுட்டர்களுக்கும் ரகசியச் சொல்லைக் கொடுக்கும்போது அவள் கை ஒரு எழுத்தைத் தவறவிட்டிருக்கிறது. சொல் சேராத கேள்விக்குச் சர்வர் வாயைத் திறக்காது, கேட்டதாகக்கூடக் காட்டிக்கொள்ளாது. அதனால்தான் அந்த மூன்று பெயரும் திரையில் வரவே இல்லை. சர்வர் செத்துவிட்டது என்று நினைத்த ரவுட்டர்கள், தங்கள் சொந்த ஞாபகத்தைப் பார்த்துத் திறந்திருக்கின்றன. அவள் சரிபார்த்த அன்றும் அதுதான் நடந்தது. அந்த ஞாபகத்தில் அவள் பெயரும் இருந்ததே. கதவு திறந்தது, சந்தோஷமாக அடுத்த கதவுக்குப் போய்விட்டாள். யாரைக் கேட்டுத் திறந்தது என்று, ஊரையே கேள்வி கேட்ட தாழ்ப்பாள், அன்றைக்குக் கேட்கவில்லை.

இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மத்ததெல்லாம் மூடினது மூடினதாவே இருக்கட்டும். அந்த மூணு கதவை மட்டும் விட்டுடேன். உன்கிட்ட நான் வேற எதுவும் கேட்டதில்ல.”

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் எதுவும் கேட்டதில்லை என்பது உண்மைதான். தாழ்ப்பாள் போனை அண்ணி பக்கம் நகர்த்தினாள்.

“அந்தக் கதவு அண்ணனுக்குத் திறக்கல அண்ணி. கேக்க வேண்டிய ஆளைக் கேக்க முடியாம, பழைய ஞாபகத்துல திறக்குது. அவர் உயிரோட இருந்து இதைப் பார்த்திருந்தா, அன்னைக்கே என்னைப் பாலத்தடிக்கு ஓட விட்டிருப்பார்.”

அண்ணி கையை எடுத்துக்கொண்டாள். போனை மறுபடி பார்த்தாள். திறக்கவில்லை, திறக்கவில்லை என்று வரிசையாக இருந்ததை முதலிலிருந்து ஒருமுறை தள்ளிப் பார்த்தாள்.

“இத்தனை நாளா அவரை ஒவ்வொரு வாசல்லயும் நிக்க வச்சுத் திருப்பி அனுப்பியிருக்கோம்” என்றாள். “நான் அதைப் போய் நாற்காலி போட்டு உக்காந்து பாத்திருக்கேன்.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அந்தப் பொட்டியை நான்தான் நிறுத்துவேன். நீ கை வைக்கக்கூடாது.”

தாழ்ப்பாள் மறுநாள் மேலாளரிடம் போய்த் தன் பிழையை மறைக்காமல் சொன்னாள். அவர் நன்றாகவே திட்டினார். திட்டி முடித்துவிட்டு, அண்ணியைத் தான் சந்தேகப்பட்டதற்கு வருத்தம் சொல்லச் சொன்னார், அதையும் அவளே போய்ச் சொல்லவேண்டுமாம். அவள் மூன்று நிலையங்களுக்கும் நேரில் போய் ரகசியச் சொல்லைத் திருத்தினாள். எல்லா ரவுட்டரின் ஞாபகத்திலிருந்தும் அண்ணன் பெயரை எடுத்தாள். இந்த முறை தன் பெயரைச் சொல்லித் திறந்ததோடு நிற்கவில்லை. விடு என்று சொன்னது சர்வர்தானா என்று அங்கே போய்ப் பார்த்தாள். எங்குமே இல்லாத ஒரு பெயரைச் சொல்லி, கதவு மறுக்கிறதா என்றும் பார்த்தாள்.

பிறகு இருவரும் நிலவறைக்குப் போனார்கள். ‘இதை அணைக்க வேண்டாம்’ என்ற காகிதத்தை அண்ணி நகத்தால் மெதுவாக உரித்து எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் வேண்டாம் என்றதை அவள் செய்ததில்லை. வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு போனது. பெட்டியின் மேல் வைத்த கையை, அது சில்லிட்டுப் போகும்வரை அவள் எடுக்கவில்லை. தாழ்ப்பாள் படியில் முதுகைக் காட்டி நின்றாள்.

“அப்போ துண்டை நான் எங்க போடறது?” என்று கேட்டார் மோட்டார்க்காரர்.

அன்று மாலை அந்த நேரத்தில் இருவரும் முன்னறையில் இருந்தார்கள். திரையில் ஒரு வரியும் விழவில்லை. வெளியே தெருமுனையில் பஸ் வந்து நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போகும் சத்தம் கேட்டது. அண்ணி எழுந்து போய்க் கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

தாழ்ப்பாள் இப்போதும் தண்ணீர் அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறாள். அண்ணன் உட்கார்ந்த மேசை அவளுடையது. அண்ணியோடு அதே மாடி வீட்டில் குடியிருக்கிறாள், தினமும் மாலை அதே பஸ்ஸில் திரும்பி வருகிறாள்.